மூன்று பேர் சொன்ன ஆன்டிவைரஸ்

மகளின் நிக்காஹ் படங்கள் எங்கள் வீட்டு லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தன. சவூதியில் இருக்கும் என் கணவருக்கு நிக்காஹ்வுக்கு வர லீவு கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை வீடியோ காலில் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

அதற்குள் வைரஸ் வந்துவிட்டால்? இலவச ஆன்டிவைரஸில் எது நல்லது என்று விசாரித்தேன். கணவர் ஒன்றைச் சொன்னார், தம்பி வேறொன்றை. புது மருமகனோ, "இதப் போடுங்க மாமி" என்று மூன்றாவதை அனுப்பினார். யார் மனமும் கோணக்கூடாதே என்று மூன்றையும் ஏற்றினேன். லேப்டாப் அசையாமல் நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில், லேப்டாப் பழுது பார்க்கும் கலாவிடம் அழாக்குறையாகக் கொண்டுபோய் நீட்டினேன்.

"படமெல்லாம் பத்திரமா இருக்குதுக்கா. வைரஸே இல்ல. மூணும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டிக்கிட்டு நிக்குது" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பீங்கான் கம்பெனியில் பொம்மைகளைச் சூளைக்குள் அடுக்குவதுதான் என் வேலை. பளபளப்புக்கு கிளேஸ் பூசிய பொம்மைகள் தொட்டுக்கொண்டு நின்றால், வெந்ததும் ஒட்டிக்கொண்டு இரண்டுமே வீணாகும். "எடம் வுட்டு வைங்கடி" என்று தினமும் கத்துகிற நானா இப்படி அடைத்தேன்?

கலா மூன்றையும் நீக்கினாள். லேப்டாப்போடு இலவசமாகவே வந்த ஒன்று இருக்கிறதாம், அதுவே போதுமாம்.

தொழுகை முடிந்து கணவர் அழைத்தார். "கடைசில யாரு சொன்னத வெச்ச?"

"யாரு சொன்னதையும் இல்லீங்க" என்றபடி முதல் படத்தைத் திறந்து, போனை அதன் பக்கம் திருப்பினேன்.

தான் சொன்னதை வைக்கவில்லை என்று கோபமோ எனத் திரையைப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எல்லோருக்கும் நல்லவளாக இருக்கப் பார்த்து, இவரிடமிருந்து இதையல்லவா பறித்திருப்பேன்!