அந்தக் கோல் யாருடையது?

சில வருடங்களுக்கு முன், மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது இது. இடம், மொன்ட்ரியாலில் பியர்பொன்ட்ஸ் பக்கம் உள்ள ஓர் ஐஸ் ஹொக்கி அரங்கம். கல்லூரிப் பெண்கள் அணிகளுக்கான சாம்பியன்ஷிப்பின் இறுதி ஆட்டம். என் மகளும் அதில் விளையாடினாள்.

இதைப் படித்துவிட்டு என்னை விளையாட்டுத் தெரிந்த அம்மா என்று நினைத்துவிடாதீர்கள். நான் செயின்ட்-மிஷேலில் ஒரு கார்டரியில், அதாவது சின்னப் பிள்ளைகளின் காப்பகத்தில், வேலை செய்கிறவள். எனக்கும் பனிக்கும் உள்ள உறவு, காலையில் பஸ் தரிப்பிடத்தில் நின்று அதைத் திட்டுவதோடு சரி. எங்கள் வீடு மொன்ட்ரியால்-நோரில். குளிர்காலம் வந்தால் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் தண்ணீர் விட்டு உறைய வைத்துச் சறுக்குத் தளம் போடுவார்கள். மகள் அங்கேதான் இரவல் ஸ்கேட்ஸ் போட்டுப் பழகினாள். அப்போதே அவளுக்குப் பத்து வயது தாண்டிவிட்டது. இங்கே மற்றப் பிள்ளைகள் நடக்கப் பழகும் வயதிலேயே சறுக்கத் தொடங்கிவிடுவார்கள். அவர்களுடைய வேகம் இவளுக்குக் கடைசிவரை வரவில்லை. ஆனால் இவளுக்குப் பயமும் வரவில்லை.

அதனால் கல்லூரி அணியில் அவளுக்குக் கிடைத்த வேலை, தடுப்பது. எதிரணிக்காரர்கள் வேகமாக அடிக்கிற பக்கை, அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை, காலைக் கொடுத்து, முதுகைக் கொடுத்து மறிப்பாள். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் உடம்பெல்லாம் கண்டல் காயம். கல்லூரியில் விளையாடிய இத்தனை காலத்தில் அவள் ஒரு கோல்கூட அடித்ததில்லை. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டும் நான் பார்த்ததில்லை. அல்லது எனக்குக் காட்டவில்லை.

எனக்கு ஆட்டம் பார்க்கத் தெரியாது. பக் போகிற வேகத்துக்கு என் கண் ஓடாது. ஆகவே நான் மகளை மட்டும்தான் பார்ப்பேன். விழுந்தாளா, எழும்பினாளா, கையை அசைக்கிறாளா, அவ்வளவுதான். மற்றதைப் பக்கத்தில் இருப்பவர்கள் கத்துவதை வைத்து விளங்கிக்கொள்வேன். என் கணவரோ ஓரிடத்தில் இருக்கமாட்டார். கோலுக்குப் பின்னால் உள்ள கண்ணாடியில் மூக்கு முட்டுகிற மாதிரி நின்றுகொண்டிருப்பார்.

அன்றைக்கு எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், எங்கள் அணித்தலைவியின் அம்மா. தூர வடக்கில் ஒரு சுரங்க ஊர்க்காரி. முதல் நாள் முழுக்கப் பஸ்ஸில் பயணம் செய்து வந்தவர். மகளின் ஆட்டங்களைக் கணினியில் பார்ப்பாராம், நேரில் வரக் கிடைப்பதில்லையாம். நான் குளிரில் நடுங்குவதைப் பார்த்துவிட்டு, தன்னுடைய போர்வையின் பாதியை என் மடியில் இழுத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் பெயர், ஊர் எல்லாம் விசாரித்துக்கொண்டோம்.

அவருடைய மகள்தான் அணியின் நட்சத்திரம். அந்தக் கல்லூரி கடைசியாகச் சாம்பியன் ஆனது பல வருடங்களுக்கு முன். அந்த வெற்றி அணியில் ஒருத்தி அடித்த கோல்களின் எண்ணிக்கையை அதற்குப் பிறகு யாரும் எட்டவில்லை. அரங்கத்தின் வாசலில் உள்ள சாதனைப் பலகையில் இன்னும் அந்த ஒருத்தியின் பெயர்தான். அணித்தலைவி அந்த எண்ணிக்கைக்குக் கிட்ட வந்துவிட்டாள். இன்னும் ஒன்று அடித்தால் சமன், அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இவளது பெயரும் ஏறும். இது அவளுக்குக் கடைசி வருடம், கடைசி ஆட்டம். இன்று அடிக்காவிட்டால் இல்லை. இதையெல்லாம் அந்த அம்மா எனக்கு மெதுவான பிரெஞ்சில் விளக்கிச் சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றி ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினார்.

ஆட்டத்தின் கடைசிப் பகுதி. எங்கள் அணி ஒரு கோல் பின்னால் நின்றது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போல மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரணியின் கோலுக்கு முன்னால் அவளை இரண்டு பேர் நெருக்கித் தள்ள, இவள் அசையாமல் மட்டையை ஐஸில் ஊன்றிக்கொண்டு நின்றாள். தூரத்திலிருந்து யாரோ அடித்தார்கள். மகளின் மட்டை நுனி சட்டென்று துள்ளியது. அடுத்த கணம் வலை குலுங்கியது.

அரங்கமே எழும்பி நின்றது. தூரத்திலிருந்து அடித்தது அணித்தலைவி. ஒலிபெருக்கியில் அவளுடைய பெயர் வந்தது. சாதனை சமன் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். நடுவர் வலைக்குள் இருந்த பக்கை எடுத்து, நினைவாக வைத்துக்கொள்ளும்படி அணியின் பக்கம் அனுப்பினார். அந்த அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவருடைய கண்ணீர் என் கன்னத்தில் ஈரமாகப் பட்டது.

நான் பார்த்திருந்தேன். பக் மகளின் மட்டையில் பட்டுத் திசை மாறித்தான் உள்ளே போனது. கடைசியாக யார் மட்டையில் படுகிறதோ கோல் அவருக்குத்தான் என்பது எனக்கே தெரிந்த விதி. ஆனால் என்னைக் கட்டிக்கொண்டு அழுகிற ஒரு தாயிடம் அதை எப்படிச் சொல்வது? அவருடைய முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

கீழே பிள்ளைகள் கூடிக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு எல்லாரும் விலகிப்போக, என் மகளும் அணித்தலைவியும் மட்டும் நின்று எதையோ கதைத்தார்கள். கதைத்தார்கள் என்பதைவிடச் சண்டை பிடித்தார்கள் என்று சொல்லலாம். ஹெல்மெட்டோடு ஹெல்மெட் முட்ட, அணித்தலைவி விரலை நீட்டி இவளுடைய நெஞ்சில் குத்துகிறாள். இவள் இல்லை இல்லை என்று தலையாட்டுகிறாள். கோல் அடித்த நேரத்தில் என்ன சண்டை என்று எனக்குப் புரியவில்லை.

அணித்தலைவி இவளை விட்டுவிட்டு நேராகப் பதிவு மேசைக்குச் சறுக்கிப் போனாள். யார் கோல் அடித்தது, எந்த நேரத்தில் என்பதையெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பதிகிறவர்களின் மேசை அது. கண்ணாடியில் உள்ள சின்ன ஓட்டையில் வாயை வைத்துச் சொன்னாள். நடுவர் வந்தார். அவரிடமும் சொன்னாள். நடுவர் தலையசைத்துவிட்டுப் போன பிறகும் அவள் அங்கேயே நின்று எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஆட்டம் தாமதமாகிறதென்று கூட்டம் விசிலடித்தது. அவள் அசையவில்லை.

ஒருவழியாக ஒலிபெருக்கி கரகரத்தது. திருத்தம் என்றார்கள். கோல் அணித்தலைவியுடையது அல்ல என்றார்கள். அதற்குப் பிறகு அந்த மனிதர் எங்கள் பெயரை வாசிக்கத் தொடங்கினார். தமிழ் ஆட்களின் வழக்கப்படி மகளுக்குக் குடும்பப் பெயர் அவளுடைய அப்பாவின் பெயர்தான். நல்ல நீளமான பெயர். அதை அவர் துண்டு துண்டாக உடைத்து, நடுவில் ஒரு துண்டை எங்கேயோ தொலைத்து, கடைசியில் மூச்சு வாங்கி முடித்தார். ஆனாலும் அது எங்கள் பெயர்தான்.

கணவர் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி மேலே ஓடி வந்தார்.

“இஞ்சேரும், என்ர பேரை வாசிச்சவங்கள்! கேட்டனீரே?”

“கேட்டனான். சத்தம் போடாதேங்கோ.”

“ஏனப்பா?”

நான் கண்ணால் பக்கத்தைக் காட்டினேன். அந்த அம்மா கைகள் இரண்டும் பாதி தட்டிய நிலையில் அப்படியே நிற்க, கீழே மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் ஒரு வசவு வார்த்தை சொன்னார். கியூபெக்காரர்களின் வசவெல்லாம் தேவாலயத்துச் சாமான்களின் பெயர்கள். கார்டரியில் பிள்ளைகள் சொன்னால் நாங்கள் அதட்டுகிற சொல். அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

நான் மன்னியுங்கள் என்றேன்.

“எதற்கு மன்னிப்பு? உங்கள் மகள் கோல் அடித்திருக்கிறாள். கை தட்டுங்கள்!” என்று சொல்லி, என் இரண்டு கைகளையும் பிடித்துத் தானே தட்ட வைத்தார். அந்த அரங்கத்திலேயே எங்கள் மகளுக்காகப் பெரிதாகக் கத்தியவர் அவர்தான்.

கதை இங்கே நல்லபடி முடிந்திருக்கலாம். அப்படி முடியவில்லை. ஆட்டம் சமநிலையில் போய், கூடுதல் நேரம் வந்தது. முதலில் கோல் அடிக்கிற அணிக்குக் கிண்ணம். நடுவே அணித்தலைவிக்குப் பக் தனியாகக் கிடைத்தது. முன்னால் கோல் காப்பாளரைத் தவிர ஒருவரும் இல்லை. அது போயிருந்தால் கிண்ணமும் கிடைத்திருக்கும், சாதனையும் சமனாகியிருக்கும். அந்த ஒரு முறை மட்டும் நான் என் மகளை விட்டுவிட்டு வேறொரு பிள்ளையைப் பார்த்தேன். அந்த அம்மா என் கையை நெரித்துக்கொண்டிருந்தார். அவள் அடித்தாள். கோல் காப்பாளர் காலை நீட்டி மறித்துவிட்டாள். பக் அப்படியே எதிர்ப்பக்கம் போக, அவர்கள் எங்கள் வலைக்குள் அடித்தார்கள். முடிந்தது.

எங்கள் பிள்ளைகள் ஐஸில் மண்டியிட்டு அழுதார்கள். அணித்தலைவி ஒவ்வொருத்தியாகத் தூக்கி நிறுத்தினாள். தன்னுடைய முறைக்கு அவளைத் தூக்க யாரும் இருக்கவில்லை. அவளாகவே எழும்பிப் போனாள். அந்த அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போர்வையை எடுத்து மடித்து அவருடைய மடியில் வைத்தேன்.

உடை மாற்றும் அறைக்கு வெளியே நடைபாதையில் காத்து நின்றோம். முதலில் மகள் வந்தாள். கையில், நடுவர் நினைவாக அனுப்பிய அந்தப் பக் இருந்தது. முகமெல்லாம் வீங்கியிருந்தது.

“அம்மா, நீங்கள் பாத்தனீங்களா? உண்மையா என்ர மட்டையிலதான் பட்டது.”

“பாத்தனான். துள்ளினதைக் கண்டனான்.”

“எனக்கும் அப்பவே தெரியும். நான் சொல்லேல்லை. அவளுக்கே இருக்கட்டும் எண்டு விட்டிட்டன்.”

“பிறகேன் ரெண்டு பேரும் சண்டை பிடிச்சனீங்கள்?”

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். “நீ எனக்குப் பிச்சை போடுறியா எண்டு ஏசினவள்.”

அப்போதுதான் அணித்தலைவி வந்தாள். தலைமயிர் ஈரம், கண் சிவந்திருந்தது, தோளில் அவளைவிடப் பெரிய பை. முதலில் அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். பிறகு எங்களைக் கண்டுவிட்டு நேராக வந்தாள். நன்றி சொல்ல வேண்டுமென்று நான் பிரெஞ்சில் ஒரு நல்ல வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். அதை எடுப்பதற்குள் அவள் என் கணவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டாள்.

“உங்கள் பெயரை அந்த மனிதர் பிழையாகச் சொல்லிவிட்டார். நான் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தேன். எனக்குச் சொல்லும்போது சரியாகத்தான் சொன்னார். ஒலிவாங்கியைப் பிடித்ததும் எல்லாம் மறந்துவிட்டது.”

அவள் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் அவ்வளவு நேரம் நின்றது ஏனென்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. தன்னுடைய பெயரை எடுக்கச் சொல்ல ஒரு நிமிடம் போதுமாக இருந்திருக்கிறது. மற்ற நேரமெல்லாம் எங்கள் பெயரைப் பழக்குவதற்கு.

இப்படித்தான் சொல்ல வேண்டும், சரிதானே என்று கேட்டுவிட்டு, முழுப் பெயரையும் எங்களுக்குச் சொல்லிக் காட்டினாள். அந்தப் பெயரில் ஒரு ‘ழ’ வரும். அவளது நாக்கு அதில் சறுக்கியது, ஆனால் விழவில்லை. மகள் அணிக்கு வந்த முதல் வருடமே அவளிடம் கேட்டுப் பழகி வைத்திருக்கிறாள்.

என் கணவர் வேலை செய்வது ரொட்டித் தொழிற்சாலை ஒன்றில். அங்கே அவருடைய பெயரை வாயில் நுழையாதென்று சொல்லி, முதல் எழுத்தை மட்டும் வைத்துத்தான் வருடக்கணக்காகக் கூப்பிடுகிறார்கள். அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். இந்தப் பிள்ளை பெயரைச் சொல்லி முடித்ததும், அவர் பக்கத்தில் இருந்த குளிர்பான மெஷினுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, அதில் என்னென்ன இருக்கிறதென்று வெகுநேரம் வாசித்தார். அந்த அம்மாதான் போய் அவருடைய முதுகில் தட்டினார். நான் தயார் செய்து வைத்திருந்த வசனம் மறந்துபோய், மெர்சி என்று மட்டும் சொன்னேன். அதையும் தமிழ் மாதிரித்தான் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு எங்கள் மகள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். இப்போது விளையாடுவதில்லை. அந்தப் பிள்ளை தன் ஊருக்குத் திரும்பிப் போய் அங்கே சிறுமிகளுக்கு ஹொக்கி பழக்குகிறாள் என்று கேள்வி. நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, அந்த அம்மாவிடமிருந்து எனக்குத் தொலைபேசி வரும். இரண்டு பேரும் ஆளுக்கொரு விதமான பிரெஞ்சில் பிள்ளைகளைப் பற்றிக் குறை சொல்லிச் சிரிப்போம். சாதனையைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

எங்கள் கார்டரிக்கு ஒவ்வொரு செப்டம்பரிலும் ஹெயிட்டி, அல்ஜீரியா, வியட்நாம் என்று எங்கெங்கோ வேர் உள்ள பிள்ளைகள் புதிதாக வருவார்கள். முன்பெல்லாம் வாயில் வராத பெயர்களை நானே சுருக்கிச் செல்லமாக ஒன்று வைத்துவிடுவேன், அன்பாகத்தான் செய்தேன். இப்போது வாசலிலேயே தாயை நிறுத்தி, சரியாக வரும்வரை அவரோடு சேர்ந்து சொல்லிப் பார்த்த பிறகுதான் பிள்ளையின் கையைப் பிடிக்கிறேன். அப்படி ஒரு பெயர் பிழையில்லாமல் என் வாயில் வந்து, அந்தக் குழந்தை நிமிர்ந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம், தனக்குக் கிடைத்துவிட்ட ஒன்றை எங்கள் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய அந்தப் பிள்ளைக்கு, அன்று சொல்ல முடியாமல் போன நன்றியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டிருப்பது போல எனக்குத் தோன்றும்.