செலினா டீச்சர் எழுதிய பொருட்காட்சிக் கட்டுரை

செலினா டீச்சர் பொருட்காட்சிக்குப் போனதில் என்ன குற்றம்? ராஜபாளையத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தார் யாரைக் கேட்டாலும் நேராகப் பதில் வராது. "ஒரு டீச்சரு இப்பிடியா?" என்று இழுப்பார்கள். எப்படியாம்?

நடந்தது இவ்வளவுதான். பத்தாம் வகுப்புத் தமிழ் பதினோரு வருஷமாக அவர் கையில் இருந்தது. 'நான் கண்ட பொருட்காட்சி' கட்டுரையை முன்னுரை, நுழைவாயில், பொழுதுபோக்கு, முடிவுரை என்று தலைப்புப் பிரித்து எழுதப் பழக்கியே தொண்டை கட்டிப் போனவர். அந்தச் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸில் தாள் திருத்தினால், நாற்பது தாளிலும் 'வண்ண விளக்குகள் எங்களை வரவேற்றன.'

"சொந்தமா ஒரு வரி எழுத மாட்டியளா?" என்று கத்தினார்.

முதல் பெஞ்சு வெள்ளத்தாய் எழுந்தாள். "நாங்க போனதில்ல டீச்சர். நீங்க போயிருக்கீங்களா?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. போனதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா விடவில்லை. அப்புறம் கணவருக்கு மில்லில் ஓயாத நைட் ஷிஃப்ட். அவர் இறந்த பிறகு இந்த நாலு வருஷமும் பள்ளிக்கூடம், சர்ச், வீடு. நாற்பத்தாறு வயதுவரை கண்ணால் பார்க்காத ஒன்றுக்குத்தான் இத்தனை வருஷம் நோட்ஸ் கொடுத்திருக்கிறார்.

வகுப்பு விட்டதும் சத்துணவு அமைப்பாளர் பாண்டிசெல்வியைப் பிடித்தார். "ஏட்டி செல்வி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆடிப்பூரத்துக்குப் பொருட்காட்சி போட்டுருக்கான். வாரியா?"

"எப்பக் கூப்பிடுவீகன்னு காத்துக் கெடக்கேன், வாங்க!"

அன்று சாயங்காலமே மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். ராட்டினம் உச்சிக்குப் போனபோது "ஏசுவே!" என்று அலறினார், இறங்கும்போது சிரிப்பு அடங்கவில்லை. உடனே இன்னொரு டிக்கெட். முறம் மாதிரி அப்பளத்தில் மிளகாய்ப்பொடி தூவி, மூக்கு ஒழுக ஒழுகத் தின்றார்கள். திரும்பும் பஸ்ஸில், "இப்பிடிச் சிரிச்சு எம்புட்டு வருஷமாச்சு செல்வி" என்றார்.

அலறியதை எந்தப் புண்ணியவானோ படம் பிடித்துப் பெற்றோர் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். திங்கட்கிழமை பிரேயர் முடிந்ததுமே தலைமையாசிரியர் சுயம்புலிங்கம் கூப்பிட்டுவிட்டார். நல்ல மனிதர்தான், பள்ளிக்கூடத்துச் செக்ரட்டரி பேரைச் சொன்னால் மட்டும் வேர்த்துவிடும்.

"செக்ரட்டரி கோவமா இருக்காரு டீச்சர். புருஷன் இல்லாத பொம்பள ராத்திரில ராட்டினம் ஏறுனா பிள்ளைகளுக்கு எப்பிடி ஒழுக்கம் வரும்ங்காரு. ஒரு மன்னிப்புக் கடிதம் குடுத்துருங்க. இல்லேன்னா பத்தாம் வகுப்ப எடுத்துட்டு ஆறாம் வகுப்புக்குப் போட்டுருவாரு."

ஆறாம் வகுப்பு ஒன்றும் கேவலமில்லை. ஆனால் அந்தப் பத்தாம் வகுப்பு அவருக்கு உயிர். ஒரு வரி எழுதினால் போதும், தப்பித்துக்கொள்ளலாம். மதியச் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் உட்கார்ந்து எழுதினார்.

தலைமையாசிரியர் தாளை விரித்தார். முன்னுரை என்று அடிக்கோடு போட்டு ஆரம்பித்திருந்தது. 'நுழைவாயில்: வண்ண விளக்குகள் யாரையும் வரவேற்கவில்லை. அதில் பாதி எரியவே இல்லை. பொழுதுபோக்கு: ராட்டினத்தில் இரண்டு தடவை ஏறினேன். பயமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. முடிவுரை: கணவர் இறந்ததற்கு அழுதேன். ராட்டினத்தில் சிரித்தேன். இரண்டுக்கும் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதாக இல்லை.'

"ஐயோ டீச்சர், இத எப்பிடி அவர்ட்ட குடுக்கது?"

"மார்க் போட்டுக் குடுங்க சார்."

புதன்கிழமை சுற்றறிக்கை நோட்டு வந்தது. பத்தாம் வகுப்பு போயிற்று. கையெழுத்துப் போட்டுவிட்டுக் குழாயடிக்குப் போய் அழுதார். பதினோரு வருஷம், வலிக்காதா? முகம் கழுவிக்கொண்டு திரும்பியபோது வராந்தாவில் வெள்ளத்தாய் நோட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். கட்டுரையைத் திரும்ப எழுதியிருந்தாள். 'நான் பொருட்காட்சிக்குப் போனதில்லை. எங்கள் டீச்சர் போனார்கள்' என்று ஆரம்பித்தது.

டீச்சர் பத்துக்குப் பத்துப் போட்டார். பிறகு போனை எடுத்து, அதே பெற்றோர் குழுவில் எழுதினார்:

'வருகிற சனிக்கிழமையும் பொருட்காட்சிக்குப் போகிறேன். படம் எடுக்கிறவர் தயவுசெய்து முன்னால் வந்து நின்று எடுக்கவும். போன தடவை என் முகம் பாதிதான் விழுந்திருக்கிறது.'