நத்தை பகலில் எங்கே தூங்கும்?

பாகூர்ப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. போன மழைக்குப் பிறகு தோட்டத்துக்குள் ஆப்பிரிக்க நத்தை நுழைந்துவிட்டது. ஒவ்வொன்றும் கைமுட்டி அளவு. காலையில் போய்ப் பார்த்தால் கத்திரி நாற்றில் தண்டு மட்டும் நிற்கும். என் மனைவி இரண்டு முறை விதைத்து இரண்டும் போயிற்று. மூன்றாவது பாத்தியும் போனால் இந்தப் பட்டத்துக்குக் கத்திரியே கிடையாது.

அந்த நேரம் பார்த்து நான் செல்போனில் தென் அமெரிக்கக் குரங்கு ஒன்றைப் பற்றிய வீடியோவில் மூழ்கியிருந்தேன். ஊளைக் குரங்காம். விடிந்ததும் அது போடுகிற சத்தம் காட்டுக்கு அந்தக் கோடிவரை கேட்குமாம்.

“இன்னாயா, நாத்து போவுது, நீ கொரங்கப் பாத்துக்கினு கீற?”

“இதுவும் எலதாண்டி துன்னுது, உன் நத்தையாட்டம்.”

“என் நத்தையா? நானா வளக்குறேன்?”

“ஆனா நத்தை வாயே தொறக்காது. இது தொறந்த வாய மூடாது.”

“அப்ப நம்ம வூட்டுலயும் ரெண்டும் கீது,” என்றாள். நான் வீடியோவை மேலே ஓடவிட்டேன்.

இலை லேசில் செரிக்காதாம். அதனால் தின்றுவிட்டு, கைகால் தொங்க, பகலெல்லாம் கிளையில் படுத்தே கிடக்குமாம் அந்தக் குரங்கு. அதைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. குரங்கு மர உச்சியில் ஊர் பார்க்கப் படுக்கிறது. வெயில் பட்டால் காய்ந்துபோகிற நத்தை எங்கே படுக்கும்? தின்றதைப் பார்த்துத் திட்டினோமே தவிர, தூங்குகிற இடத்தை நாங்கள் தேடவே இல்லை.

விதை போட்டால் முளைக்கும்வரை பாத்தியை ஈரச் சாக்கால் மூடிவைப்போம். முளைத்ததும் சாக்கை மடித்து அடிபம்பு ஓரம் போட்டுவிடுவோம். சிந்துகிற தண்ணீரில் அது காய்வதே இல்லை. நான் சொல்ல, மனைவி போய் ஒரு நுனியைத் தூக்கினாள்.

“ஐயையோ! இங்க வந்து பாருயா!”

மடிப்புக்கு மடிப்பு நத்தை. பாத்திக்குப் பத்தடி தள்ளி நாங்களே பாய் போட்டு, வேளாவேளைக்குத் தண்ணீரும் தெளித்திருக்கிறோம். அவள் கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு, பொறுக்கிப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போட்டாள்.

மறுநாள் நாற்றில் இரண்டு மூன்று இலைதான் ஓட்டை. சாக்கை எடுத்துவிடலாமா என்றேன்.

“கெடக்கட்டும். வர்றது எல்லாம் அங்கயே வந்து படுக்கட்டும்,” என்றவள், நனைத்து விரித்து உள்ளே நத்தைக்கு இரையாகப் பப்பாளி இலையும் வைத்தாள். பிறகு நாற்றங்காலைப் பார்த்தபடியே கேட்டாள்:

“ஏன்யா, எல துன்ற அந்தக் கொரங்கு கீற ஊர்ல கத்திரிக்கா போடுவாங்களா?”