மெல்லக் கேட்ட கேள்வி

சூலூரில் பேருந்து நின்றபோது பக்கத்துத் தெருவிலிருந்து விசைத்தறிச் சத்தம் உள்ளே வந்தது. பயணிகள் தம்மை அறியாமலே குரலை உயர்த்திப் பேசினார்கள். எனக்கு அப்பாவின் நினைவு வந்துவிட்டது.

தொண்ணூறுகளில், அம்மா இல்லாத எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். தறி ஓட்டிவிட்டுத் தலையெல்லாம் பஞ்சோடு வரும் அப்பா, "சோறு உண்டயா கண்ணு?" என்பதைக்கூடக் கத்தித்தான் கேட்பார். எந்நேரமும் என்மேல் கோபம் என்றே நினைத்தேன். அவர் கத்தக் கத்த என் குரல் சிறுத்துக்கொண்டே போனது.

பத்தாவது தேறியதும், அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "ப்ளஸ் ஒன் சேந்துக்கட்டுங்களாப்பா?" என்றேன். பதில் இல்லை. மறுபடி கேட்கத் துணிச்சல் வரவில்லை. அந்த வாரமே கணபதி என்ற ஊரில் ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து அவர் காதைச் சோதித்த டாக்டர், "தறிச் சத்தத்துல எப்பவோ போயிருச்சுங்க" என்றார். வெளியே வந்து, அன்று நான் கேட்டதை அப்பாவின் காதருகே சொன்னேன்.

"கேட்டயா? உனக்குப் படிப்பு புடிக்கலைன்னு நெனச்சுப்போட்டனே சாமி! வாத்தியாருகிட்டக்கூடச் சொல்லி வெச்சிருந்தனே!" அவர் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது.

பிறகு தபால் வழியில் உளவியல் படித்தேன். மனிதர்கள் ஏன் கோபப்படுகிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதித் தேறினேன்.

இப்போது நான்தான் கத்த வேண்டியிருக்கிறது. நேற்று, மாத்திரை போட்டீர்களா என்று கேட்டேன். அப்பா என் முகத்தையே பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எம்மேல உனக்கு என்ன கோவம் கண்ணு?"