மகளுக்குப் பின்னால் வரும் பெயர்

சைகோன் வரி அலுவலகத்தில் அவரை ஒரே ஒரு முறை சந்தித்தேன். நகரின் தூ டுக் பகுதியில் பணிபுரியும் தமிழ்ப் பொறியாளர். மெலிந்த முகம், மடிப்புக் கலையாத சட்டை. மடியிலிருந்த ஹெல்மெட்டைத் தூங்கும் குழந்தையைப்போல் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தார்.

ஊரில் தாயுடன் வாழும் மகளின் பள்ளிச் செலவைக் காட்டி, கட்டிய வரியில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்டிருந்தார். இருவருக்கும் குடும்பப் பெயர் வேறாக இருந்ததால், அவள் அவருடைய பிள்ளைதானா என்று அதிகாரி ஐயுற்றார்.

அறியாதவருக்காகப் பரிந்து பேசுவது என் வழக்கமன்று. ஆயினும் வியட்நாமிய மொழி அறிந்தவன் என்ற முறையில், தமிழர்களாகிய எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தந்தையின் பெயரே பிள்ளையின் பெயருக்குப் பின்னால் வரும் என்று விளக்கினேன்.

அதிகாரி சிரித்தார். "அப்படியானால் பேரப்பிள்ளைக்கு இவர் பெயர் வராதா?"

மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"வராதுங்கய்யா, இவளோட சரி. பிரிஞ்சு போன அவங்கம்மா அதையும் எடுத்துட்டுத் தன் பேரைப் போடப் போறாங்களாம். அதுக்குள்ள இவ என் மகதான்னு இந்த ஆபீஸ்ல ஒத்துக்கிட்டா போதும். பணத்துக்காக இல்லீங்க."

பின்பகுதியை நான் மொழிபெயர்க்கவில்லை. அதிகாரி முத்திரையிட்டுத் தாளைத் தந்தார். பொறியாளர் அதிலிருந்த தொகையைப் பார்க்கவே இல்லை.

"இதுல மகள்னு எங்கய்யா போட்டிருக்கு?"

காட்டினேன். "கொன் காய்," என்று தவறான ஓசையில் இருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். நான் திருத்தவில்லை.