லோர்னாவின் சனிக்கிழமை

அறுபதுகளைப் பற்றித் தொலைக்காட்சியில் எந்த நிகழ்ச்சி போட்டாலும் அந்தப் புகைப்படம் எப்படியும் வந்துவிடும். மூன்று விநாடி, மிஞ்சினால் நாலு. இங்கிலாந்தில் எங்கள் ஊரான லெஸ்டரின் மணிக்கூண்டுக்கு எதிரே உள்ள பஸ் நிறுத்தம். பாதித் தொடையோடு நின்றுவிடும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கவுன், வெள்ளைக் காலுறை, வெள்ளை பூட்ஸ். அவற்றை அணிந்த பெண் பஸ் வரும் திசையைப் பார்த்து நிற்கிறாள். முகம் தெரியாது. காதோடு வெட்டிய முடி கன்னத்தை மறைத்துவிட்டது. பக்கத்தில் தலையில் துணி கட்டிய ஒரு கிழவி, உருளைக்கிழங்குப் பையைத் தூக்கிப் பிடித்தபடி, அந்தப் பெண்ணின் முழங்காலை முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

"நொரீன்! ஓடி வா, நீ வந்துட்ட!" என்று என் அண்ணன் டெஸ்மண்ட் கத்துவான்.

நொரீன் அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு வருவாள். அவள் வந்து சேர்வதற்குள் படம் போயிருக்கும். தாடி வைத்த யாரோ ஒருவர் அந்தக் காலத்து இளைஞர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

"விட்டுட்டியே!"

"எங்க போயிடப் போறேன். அடுத்த மாசம் திரும்பப் போடுவான்."

அவள் ஓட்டமாக வருவாளே தவிர, கதவருகே வந்ததும் கால் தயங்கும். அதைப் பல வருஷமாகப் பார்த்திருந்தும், மூட்டுவலி என்றுதான் நினைத்திருந்தேன்.

நொரீன் என் அண்ணி. பதினாறு வயதில் ஒரு காலுறைத் தொழிற்சாலையில் சேர்ந்து, அறுபது வயதில் அது மூடியபோது வெளியே வந்தவள். காலுறையின் விரல் முனையை மூடும் ஒரே தையலை ஒரு நாளைக்கு இத்தனை ஆயிரம் தடவை போட்டவள். தோட்டத்தில் அவரை வைப்பாள். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சந்து உண்டு. அதனால் கையால் வாயை மறைத்துத்தான் சிரிப்பாள். குழந்தை இல்லை. இவ்வளவுதான் அவள் என்று சொன்னால் எங்கள் ஊரில் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு அவள் பஸ் ஸ்டாப் பொண்ணு.

படம் முதலில் 1966இல் மாலைப் பத்திரிகையில் வந்தது. பெயர் போடவில்லை. பிறகு புத்தகங்களில், நாட்காட்டியில், தேநீர்க் கோப்பையில், பிஸ்கட் டப்பா மூடியில் எல்லாம் வந்தது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் எங்கள் ஊரில் அறுபதுகள் திருவிழா நடக்கும். பழைய ஸ்கூட்டர்கள் வரிசையாக வரும். தொப்பை விழுந்தவர்கள் ஒல்லிக் காற்சட்டைக்குள் புகுந்துகொண்டு ஆடுவார்கள். நொரீன் அந்தக் கட்டம் போட்ட கவுனில் அண்ணனோடு கைகோத்து வருவாள். உடம்பு பெருக்கப் பெருக்க அதே கவுனை மூன்று தடவை புதிதாகத் தைத்துக்கொண்டாள். ஆண்கள் அவளோடு படம் எடுத்துக்கொள்வார்கள். யாராவது பக்கத்தில் நின்று அந்தக் கிழவி மாதிரி முழங்காலை முறைப்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நொரீன் கையை வாயில் வைத்துச் சிரிப்பாள்.

அண்ணன் அவளைக் கண்டுபிடித்த கதை எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பின்னல் இயந்திரங்கள் பழுது பார்ப்பவன். பத்திரிகையில் வந்த அந்தப் படத்தை வெட்டிப் பர்ஸில் வைத்திருந்தான். அடுத்த சனிக்கிழமை நடனக்கூடத்தில் அந்தக் கவுனைப் பார்த்தான். நேராகப் போய், "அது நீதானே?" என்றான். அவள் "ஆமா" என்றாள். எனக்கு அப்போது பதினாலு வயது. அவள் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கவுனைத்தான் தொட்டுப் பார்த்தேன்.

2014 வசந்தத்தில் ஒரு கடிதம் வந்தது. பழைய தொலைக்காட்சிச் சுருள்களைப் பாதுகாக்கும் காப்பகம் ஒன்று எழுதியிருந்தது. அந்தப் படம் எடுத்த அதே சனிக்கிழமை, அதே இடத்தில், குட்டைப் பாவாடை பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க ஒரு செய்திக்குழுவும் வந்திருந்ததாம். நாற்பது விநாடிச் சுருள் ஒரு தகர டப்பாவில் கிடைத்திருக்கிறது. ஒலி அழிந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண் திரும்பிக் காமிராவைப் பார்க்கிறாள். அவள் முகம் முதல் தடவையாகத் தெரிகிறது. மாதக் கடைசிச் சனிக்கிழமை அருங்காட்சியக அரங்கில் திரையிடுகிறோம், நீங்கள் இருவரும் முன்வரிசையில் உட்கார வேண்டும்.

அண்ணன் அந்தக் கடிதத்தைத் தெரு முழுவதும் காட்டிவிட்டு, முடி வெட்டிக்கொள்ளக் கிளம்பிப்போனான். நான் நொரீன் வீட்டுக்குப் போனபோது அவள் தேநீர்ப் பாத்திரத்தில் இலை போடாமல் வெந்நீரை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ரூத், உக்காரு. அது நான் இல்ல."

"எது?"

"பஸ் ஸ்டாப்புல நிக்கிறது. அது லோர்னா."

லோர்னா என்ற பெயரை நான் கேட்டிருக்கிறேன். நொரீனுக்குப் பக்கத்து இயந்திரத்தில் வேலை பார்த்தவள். இருவரும் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். அரசாங்கம் கப்பல் கட்டணத்தைக் குறைத்து ஆட்களை அனுப்பிய காலத்தில் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாள்.

"கவுன் உன்னோடதுதானே?"

"எங்க ரெண்டு பேரோடதும். துணி அவ வாங்கினா, நான் தெச்சேன். ரெண்டு கவுன் தெக்க யாருகிட்ட வழி இருந்துச்சு? ஒரு சனிக்கிழம அவ போட்டுக்குவா, அடுத்த சனிக்கிழம நான். அன்னிக்கு லோர்னாவோட சனிக்கிழம. நான் வீட்டுல தல குளிச்சுட்டு உக்காந்திருந்தேன்."

"பின்ன ஏன் ஆமான்னு சொன்ன?"

"கவுனப் பாத்துக் கேட்டான்னு நெனச்சேன். ஒரு ஆட்டம் ஆடணும்னு ஆச. அப்புறம் மறு வாரம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். மறு வாரம் உங்க அம்மாவுக்கு அறிமுகம் பண்ணிட்டான். அதுக்கு மறு வாரம் லோர்னா கப்பல் ஏறிட்டா." பாத்திரத்தின் மூடியைப் போட்டாள். "அவளுக்கு எழுதினேன். 'வெச்சுக்கோடி, இங்க வெயில்ல எனக்கு அதவிட நல்ல காலு வந்துருச்சு'ன்னு பதில் போட்டா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"படம் ஓடுறதுக்கு முன்னாடி அவன்கிட்ட நானே சொல்லியாகணும் ரூத். எல்லாரு முன்னாடியும் அவன் தெரிஞ்சுக்கக் கூடாது."

பதினாறு நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் முயன்றாள். காலையில் சொல்லலாம் என்றால் அவன் கழுத்துப்பட்டியை இஸ்திரி போட்டுக்கொண்டு பழைய பாட்டைச் சீட்டியடிப்பான். மாலையில் சொல்லலாம் என்றால் யாராவது வாழ்த்துச் சொல்ல வந்திருப்பார்கள். ஒருநாள் நான் இருக்கும்போதே தொடங்கினாள்.

"டெஸ், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"புது பூட்ஸ் வேணும், அதானே?"

"அது இல்ல."

"வெள்ள பூட்ஸ் இல்லாம எப்படி கண்ணு? முழங்கால் வரைக்கும் வர மாதிரி வாங்கிக்கோ. ரூத், நீ கூடப் போ. விட்டா இவ செருப்பப் போட்டுகிட்டு வந்துருவா."

நொரீன் என்னைப் பார்த்தாள். "ஆமா, பூட்ஸ்தான்" என்றாள். நானும் அவளும் கடைக்குப் போய், அவளுடைய வீங்கிய காலில் ஏறாத பூட்ஸோடு அரை மணி நேரம் போராடி, ஒரு ஜோடி வாங்கி வந்தோம்.

நானே அண்ணனிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அதற்கப்புறம் ஒருநாள் திடீரென்று முகம் தெளிந்து என் வீட்டுக்கு வந்தாள். கேக் இருக்கிறதா என்று கேட்டாள். கவுன் இறுகும் என்று வருஷக்கணக்காகத் தொடாதவள் இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

"நான் எதுக்குச் சொல்லணும்? படமே சொல்லட்டும். அவ திரும்புவா, அவன் பாப்பான், முடிஞ்சது. திட்டினா திட்டட்டும். கொஞ்ச நாள் பேசாம இருப்பான். அப்புறம் நான் நானா இருந்துட்டுப் போறேன். நீ மட்டும் அவனுக்கு அந்தப் பக்கம் உக்காரு. நெஞ்சுவலி மாத்திரைய எடுத்துக்கோ."

அந்த ஒரு வாரம் அவளைப் போல இலேசாக நடந்த ஒரு பெண்ணை நான் பார்த்ததில்லை.

அரங்கில் இருநூறு பேர் இருந்தார்கள். நடுவில் அண்ணன், இடப்பக்கம் கவுனும் பூட்ஸுமாக நொரீன், வலப்பக்கம் நான். கைப்பையில் மாத்திரை. விளக்கணைந்தது. மணிக்கூண்டு, இரட்டைமாடி பஸ், தொப்பி வைத்த ஆண்கள். பிறகு அவள். முதலில் எல்லோருக்கும் தெரிந்த, முடி மறைத்த கன்னம். யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும், திரும்பினாள். புருவம் வரை இறங்கிய முடி, ஒட்டிய இமைமுடி, கறுப்பு மை தீட்டிய பெரிய கண்கள், வெளுத்த உதடு. அந்தக் காலத்தில் எங்கள் எல்லோருக்கும் அதே கண்கள்தான், அதே பென்சிலால் வரைந்தவை. ஒரே பொம்மையைப் போல் இருக்கத்தான் நாங்கள் அத்தனை பேரும் மணிக்கணக்காகக் கண்ணாடி முன் நின்றோம். பிறகு லோர்னா வாயைத் திறந்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தாள். வரிசை தப்பாத பற்கள்.

நான் அண்ணன் பக்கம் திரும்பினேன். அவன் கன்னம் நனைந்திருந்தது.

"பாத்தியா ரூத்," என்றான் என் காதில். "கையே வைக்காம சிரிச்சிருக்கா. அப்ப எப்படிச் சிரிச்சிருக்கா பாரு. என்னைக் கட்டிகிட்டுத்தான் இப்படி ஆயிட்டா." திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் என்ன பண்ணினேன் அவள?"

விளக்குப் போட்டார்கள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு பெண் ஒலிவாங்கியோடு முன்வரிசைக்கு வந்தாள்.

"நொரீன், உங்களையே இப்படிப் பாக்கும்போது எப்படி இருக்கு?"

நொரீன் எழுந்தாள். உண்மை அவள் வாய் வரை வந்துவிட்டது, உதடு பிரிந்ததை நான் பார்த்தேன். அப்போது அண்ணன் அவள் கையைப் பிடித்துத் தன் ஈரமான கன்னத்தில் வைத்துக்கொண்டான். "மன்னிச்சுக்கோ கண்ணு" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. எனக்கும் கேட்டது.

அவள் ஒலிவாங்கியை வாங்கினாள்.

"இந்தக் கவுன நான்தான் தெச்சேன்," என்றாள். "இடப்பக்கம் ஜிப் சரியா ஏறாது. உள்ள ஊக்கு குத்தியிருக்கும். ரொம்ப நேரம் நின்னா இடுப்புல கீறும்."

மக்கள் சந்தோஷமாகச் சிரித்தார்கள். அந்தக் கவுனைப் பற்றி அவள் இன்னும் நிறையச் சொன்னாள். கட்டங்கள் தையலில் நேராகச் சேர எத்தனை தடவை பிரித்தாள் என்றும், கவுனின் காலருக்குத் துணி பற்றாமல் தலையணை உறையை வெட்டியதையும் சொன்னாள். ஒரு வார்த்தை பொய் இல்லை.

அதன்பின் கழிப்பறையில் அவள் பூட்ஸைக் கழற்ற நான் மண்டியிட்டு உதவினேன்.

"அங்கயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"எப்படிச் சொல்றது? அவன் மன்னிப்பு கேக்குறான்." கால் விரல்களைத் தேய்த்துக்கொண்டாள். "இத்தன நாள் நான்தான் திருடின்னு நெனச்சுகிட்டிருந்தேன். நாப்பத்தாறு வருஷம் ஒரே மேசையில எதுக்க எதுக்க உக்காந்து சாப்பிட்டிருக்கோம் ரூத். என் பல்லு அவனுக்குத் தெரியாதா?"

வெளியே அண்ணன் கதவைத் தட்டி, பத்திரிகைக்காரர்கள் காத்திருப்பதாகச் சொன்னான். அவள் பூட்ஸைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

அதன்பின் ஐந்து ஆகஸ்ட் வந்தது. ஐந்துக்கும் போனாள். அண்ணன் அவளை முன்னைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டான். தேநீர் போட்டுக் கொடுப்பான், சிரிக்கவைக்கக் கோமாளித்தனம் செய்வான், சிரித்தால் அவள் கையை மெல்ல வாயிலிருந்து எடுத்துவிடுவான். "இப்படித்தான் இருந்த நீ" என்பான். அவள் அந்தச் சந்துப் பல்லோடு அவனைப் பார்த்துச் சிரிப்பாள். எனக்கு எழுந்து வெளியே போய்விடத் தோன்றும். ஒருமுறை அவளிடம் கேட்டேன், இப்போதாவது சொல்லேன் என்று. "என்னை யாருன்னு சொல்லச் சொல்ற?" என்றாள்.

சென்ற குளிர்காலத்தில் மார்புச்சளி முற்றி, ஒன்பது நாளில் போய்விட்டாள்.

இறுதிச் சடங்குக்கு அட்டை அச்சிட வேண்டும், மேலே அவள் படம் வேண்டும். என்னிடம் ஒன்று இருந்தது. தொழிற்சாலை உணவுக்கூடத்தில், நீல மேலங்கியோடு, சாண்ட்விச்சைக் கடிக்கப் போகும் நேரத்தில் யாரோ எடுத்தது. கண் பாதி மூடி, முன்பற்கள் நன்றாகத் தெரிய, அவள் யாரையோ கேலி செய்துகொண்டிருக்கிறாள். அதை அண்ணனிடம் கொண்டுபோனேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு வெகுநேரம் பார்த்தான்.

"நல்ல படந்தான். ஆனா அவ மாதிரியே இல்லையே" என்றான்.

அந்தச் சுருளிலிருந்து எடுத்த முகத்தை அவன் ஏற்கெனவே அச்சகத்துக்குக் கொடுத்திருந்தான். என் அண்ணனுக்கு எழுபத்தைந்து வயது. அன்று காலையிலிருந்து அவன் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. என் படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

தேவாலயத்தில் எனக்குப் பின்வரிசையில் தொழிற்சாலைக்காரிகள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் காது மந்தம்; ரகசியம் பேசினாலும் பாதிக் கோயிலுக்குக் கேட்கும்.

"இந்த மொகத்தப் பாரேன். நம்ம லோர்னா இல்ல? அந்த மூணாவது மெஷின்ல இருந்தாளே."

"எவ லோர்னா?"

"ஆஸ்திரேலியா போனாளேடி. பெருசா சிரிப்பாளே."

"உனக்குக் கண்ணும் போச்சா? நொரீன்னு கீழ போட்டிருக்கு பாரு. அப்ப நாம எல்லாரும் இப்படித்தான இருந்தோம். உன் படத்தப் போட்டிருந்தாக்கூட யாருக்குத் தெரியப்போகுது?"

"அதுவும் சரிதான்" என்றாள் முதலாமவள்.

பாதிரியார் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். நான் திரும்பாமல் பாட்டுப் புத்தகத்தில் எண்ணைத் தேடினேன்.