லெவல் ரெண்டில் ஒரு சம்பந்தி

ஆங்கிலம் சொல்லித்தருபவளுக்கு வாய்தான் மூலதனம் என்று ஊர் நினைக்கிறது. என் பிழைப்போ அடுத்தவர் காதை நம்பி ஓடுகிறது. விளாங்குடியில் ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடியில், ஸ்பீக்கரில் கதை கேட்க வைத்து ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். மூன்று நிமிஷம், ஐந்து நிமிஷம் ஓடும் சின்னக் கதைகள். மொத்தம் ஆறு லெவல். முதல் லெவலில், வாசிக்கிறவர் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்வார். ஆறாவதில், வெள்ளைக்காரர்கள் தங்கள் வீட்டுக்குள் பேசிக்கொள்கிற வேகம். ஒரு கதையை மூன்று தடவை கேட்க வேண்டும், பிறகு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். தமிழில் சொன்னாலும் சரி. புத்தகம் கிடையாது, நோட்டு கிடையாது.

முறை இவ்வளவுதான். இதைப் புரியவைப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். டியூஷன், தையல் கிளாஸ், டிரைவிங் ஸ்கூல் என்று எதையாவது ஊருக்குக் கற்றுக்கொடுக்கக் கிளம்பிய மகராசர்களே, மகராசிகளே, உங்களுக்குத் தெரியாததா?

டிகிரி பார்த்து லெவல்

நம் ஊரில் லெவல் என்றால் வகுப்பு என்று அர்த்தம். லெவல் ஒன்றில் உட்கார்ந்தால் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்த அவமானம். கே.கே. நகரிலிருந்து ஸ்கூட்டரில் வரும் சுந்தரம் சார் ஒரு வங்கியில் மேலாளர், எம்.காம். வந்த அன்றே, லெவல் ஐந்தில்தான் உட்காருவேன் என்றார். சரி என்று விட்டுவிட்டேன். கதை ஓட ஓடத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். சிரிப்பு வரும் இடத்துக்கு இரண்டு வரி முன்னாலேயே சிரித்தும் வைத்தார். முடிந்ததும், என்ன சார் நடந்தது என்று கேட்டேன். நல்ல கருத்துள்ள கதை என்றார். என்ன கருத்து என்று கேட்டால், அதை நீங்கள்தானே சொல்ல வேண்டும் என்கிறார்.

மறுநாள் லெவல் ரெண்டுக்கு வரச் சொன்னேன். எட்டாம் வகுப்பில் பெயிலாக்கிவிட்ட மாதிரி மனுஷர் முகம் தொங்கிவிட்டது. அரை மணி நேரம் சமாதானம் சொன்ன பிறகு, பெரிய மனசு பண்ணி ஒப்புக்கொண்டார்.

"சரிங்க மேடம், உக்கார்றேன். ஆனா சர்டிபிகேட்ல மட்டும் லெவல் அஞ்சுன்னே போட்ருங்க."

கண்டக்டர் வந்தார்

மாயாண்டி அண்ணன் காக்கிச் சட்டையோடு டூட்டி முடிந்த கையோடு படியேறி வந்தார். ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டி போகும் பஸ்ஸில் கண்டக்டர். வயது ஐம்பத்து நான்கு. அவரைப் பெற்றவர்கள் கடைசிவரை அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். இவர் மகள் சுகன்யா பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் ஒடிசாப் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள். இவருக்கும் சம்மதம்தான். பையனுக்கு அப்பா இல்லை. அம்மா மட்டும் கல்யாணம் பேச இன்னும் ஆறு வாரத்தில் வருகிறார். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு ஒடியாவும் தெரியாது இந்தியும் தெரியாது. நடுவில் இருக்கிற ஒரே பாலம் ஆங்கிலம்.

அதுதான் மகள் இருக்கிறாளே, எடுத்துச் சொல்ல மாட்டாளா என்று கேட்டேன். தோள்பையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அதான் டீச்சர் பயமே. அந்தம்மா எங்களைக் கொறைச்சு ஒரு வார்த்தை சொன்னா, அவ அதை எங்கிட்டச் சொல்லுவாளா? நல்லதை மட்டும் பொறுக்கிக் குடுப்பா. பொண்ணைக் குடுக்குறவன் அடுத்தவுக வாயைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கக் கூடாது. எனக்குப் பேச வரவேணாம், அவுக பேசுறது புரிஞ்சா போதும். அம்புட்டுத்தான்."

நோட்டுப் போட்டவர்

எழுதாமல் கேளுங்கள் என்று சொன்னால் நம் ஆட்களுக்குக் கை நமைக்கும். பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தே கரையேறியவர்கள், காதை மட்டும் நம்பச் சொன்னால் எப்படி நம்புவார்கள்? ஒரு நாள் சுந்தரம் சார் லெவல் ரெண்டுக் கதை ஒன்றை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தண்ணி பட்ட பாடாய் ஒப்பித்தார். எனக்குப் பெருமையில் புல்லரித்துவிட்டது. நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, லேசாகச் செருமிவிட்டுத் தொடர்ந்தார். பதிவில் கதை வாசித்தவர் அதே இடத்தில்தான் செருமியிருந்தார். வீட்டில் ராப்பகலாய் ஓடவிட்டு எழுதி எடுத்து, செருமலோடு சேர்த்து உருப்போட்டிருக்கிறார். சரி, கதையில் அந்தப் பையன் ஏன் திரும்பி வந்தான் என்று கேட்டேன். அது சிலபஸில் இல்லாத கேள்வி போல முழித்தார்.

எரிச்சலோடு கீழே இறங்கி மில் முதலாளி சாந்தாராமிடம் புலம்பினேன். மாடியும் அவருடையதுதான். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர், கடைவீதியில் தமிழ், சரக்கு வாங்கப் போனால் தெலுங்கு. மாவுக் கையைத் தட்டிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"எங்க வீட்டுப் பாஷையை நான் ஒரு நாளும் எழுதிப் பாத்ததில்ல டீச்சர். எங்கம்மா திட்டுறது காதுல விழுந்து விழுந்து, அதுவா வந்துருச்சு."

மில் ஓடும் நேரம்

என் வகுப்பு நேரத்தில்தான் ஊருக்கே மிளகாய்ப்பொடி தேவைப்படும். கீழே மெஷின் ஓட ஆரம்பித்தால் மாடித் தரை அதிரும், நெடியில் எல்லோரும் வரிசையாகத் தும்முவார்கள். கதையில் ஒரு பெண் ரகசியமாகப் பேசுகிற கட்டம் வந்தால் கேட்கவே வேண்டாம். ஒன்றும் காதில் விழவில்லை என்று சுந்தரம் சார் ஸ்பீக்கர் மேலேயே சாய்ந்து உட்காருவார். ஆனால் மாயாண்டி அண்ணன் மட்டும் மூலையில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். கேட்டால், அந்தப் பெண் யாரிடம் என்ன சொன்னாள், ஏன் கதவைச் சாத்தினாள் என்று தமிழில் விலாவாரியாகச் சொல்வார். நான் அசந்துபோய், எப்படி அண்ணே என்றேன்.

"பஸ்ஸுல இஞ்சின் சத்தம், பாட்டுச் சத்தம், பள்ளிக்கூடப் பிள்ளைக சத்தம் அம்புட்டும் இருக்கும் டீச்சர். அதுக்குள்ள ஒரு ஆளு எறங்குற ஊரைச் சொல்லும். அதை மட்டும் பிடிச்சுப் பழகிப்போச்சு."

என் அவசரம்

இங்கே என் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சம்பந்தியம்மா வர மூன்று வாரம்தான் இருந்தது. அண்ணன் லெவல் ரெண்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தார். அந்த அம்மா என்ன வேகத்தில் பேசுவாரோ, எதற்கும் தயாராக இருக்கட்டும் என்று அவரைத் தூக்கி ஒரேயடியாய் லெவல் நாலில் போட்டேன். டபுள் புரமோஷன். சுந்தரம் சாருக்கு வயிறு எரிந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

கதை முடிந்தது. அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. இன்னொரு முறை போட்டேன், மறுபடியும் போட்டேன். அவருக்கு ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. மூன்று வாரமாகக் கட்டிய வீட்டை ஒரே நாளில் நானே இடித்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. பையை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"ஒங்க மேல தப்பு இல்ல டீச்சர், எங்க காதுக்கு இம்புட்டுத்தான் கொள்ளும் போல. வாரேன்."

பஸ்ஸில் பாடம்

வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் வரவில்லை. நாலு நாள் பார்த்தேன். ஐந்தாம் நாள் காலையில் ஆரப்பாளையத்துக்குப் போய் அவர் பஸ்ஸைத் தேடிப் பிடித்து ஏறிவிட்டேன். என்னைப் பார்த்ததும் அவருக்குத் தர்மசங்கடம். பேசக்கூட இடமில்லாத கூட்டம். நான் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பின்னாலிருந்து ஒருவர், கருமாத்தூர் ஒன்று, உசிலம்பட்டி இரண்டு என்று முணுமுணுத்தார். அண்ணன் உடனே, "கருமாத்தூர் ஒண்ணு, அப்பறம்?" என்றார். அவர் மிச்சத்தைச் சத்தமாகச் சொன்ன பிறகுதான் மெஷினில் டிக்கெட் அடித்தார். எல்லோரிடமும் அதே கதைதான். பிடிபட்டதைத் திருப்பிச் சொல்வார், விட்டுப்போனதைக் கேட்டு வாங்குவார். கேட்கிறோமே என்று அவர் ஒரு தடவைகூடக் கூச்சப்படவில்லை. சொல்கிறவர்களுக்கும் கோபம் வரவில்லை. என் வகுப்பிலோ, திருப்பிக் கேள்வியே கேட்க முடியாத ஒரு ஸ்பீக்கரின் முன்னால் அவரை உட்கார வைத்திருந்தேன். எனக்கு வெட்கமாகிவிட்டது.

செக்கானூரணியில் கூட்டம் குறைந்ததும் அவரிடம் சொன்னேன். நாளையிலிருந்து நீங்கள் லெவல் ரெண்டிலேயே இருங்கள், கதையை ஸ்பீக்கர் சொல்லாது, நான் என் வாயால் சொல்கிறேன். புரியாத இடத்தில் பஸ்ஸில் கேட்கிற மாதிரியே என்னை மடக்கிக் கேளுங்கள். இதெல்லாமா படிப்பு என்பது போலப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"சொல்றதுல பாதிதான் காதுல விழுகும் டீச்சர். அந்தப் பாதியைத் திருப்பிக் குடுத்தா, மிச்சத்தை அவுகளே குடுத்துருவாக."

விட்டுப்போன வரி

சம்பந்தியம்மா ஞாயிற்றுக்கிழமை வந்தார். எனக்கு அன்றைக்குச் சமையலே ஓடவில்லை. சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். திங்கட்கிழமை அண்ணன் வந்து நடந்ததைச் சொன்னார்.

அந்த அம்மா பேசியிருக்கிறார். சுகன்யா எடுத்துச் சொல்லியிருக்கிறாள்: வீடு பிடித்திருக்கிறதாம், சாப்பாடு ரொம்ப ருசியாம். பிறகு அந்த அம்மா இன்னும் இரண்டு வரி சொன்னார். சுகன்யா தலையைக் குனிந்துகொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் காதில் அதில் இரண்டு வார்த்தை விழுந்திருந்தது. அப்ரெய்டு. யுவர் டாட்டர். பயம், உங்கள் மகள். அவருக்குக் குப்பென்று வேர்த்துவிட்டது. என்ன பயம்? எங்கள் வீட்டைப் பார்த்தா, எங்கள் சாதிசனத்தைப் பார்த்தா? கூலிக்காரன் மகன் வீட்டில் பெண்ணெடுக்க யோசிக்கிறார்களா?

அப்போது அவர் அந்த அம்மாவை நேராகப் பார்த்து, டிக்கெட்டுக்குக் கேட்கிற மாதிரியே கேட்டிருக்கிறார். "யூ அப்ரெய்டு, மை டாட்டர், அப்பறம்?" கடைசி வார்த்தை தமிழில் வந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு அது புரிந்துவிட்டது. சுகன்யாவை விட்டுவிட்டு இவர் பக்கமே திரும்பி உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். உங்கள் மகள் படித்தவள். வேகமாக இங்கிலீஷ் பேசுகிறாள். எனக்கு மெதுவாகத்தான் வரும். என் வீட்டில் என்னோடு பேசவே அவளுக்குச் சலித்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது என்றார் அண்ணன். புரிந்தால் போதும் என்று வந்தவர், பதிலும் சொல்லியிருக்கிறார்: "மை டாட்டர் கோ ஸ்லோ. ஐ டெல் ஹெர்." அந்த அம்மா சிரித்துவிட்டு, கைப்பையிலிருந்து போனை எடுத்து ஒரு கதையை ஓடவிட்டுக் காட்டினாராம். இந்தப் பயணத்துக்காக மூன்று மாதமாகத் தினமும் கேட்டுப் பழகுகிறாராம். நிதானமாகச் சொல்லும் சின்ன இங்கிலீஷ் கதை. சுகன்யாவுக்குக் கண் கலங்கிவிட்டதாம். தையில் கல்யாணம் என்று அங்கேயே பேசி முடித்துவிட்டார்கள். இதைக் கேட்டதும் எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கீழே மில் ஓடிக்கொண்டிருந்ததால் மிளகாய் நெடி மேல் பழியைப் போட்டுக்கொண்டேன். அண்ணன் மட்டும் இன்னும் ஆச்சரியம் தீராமல் உட்கார்ந்திருந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நாங்க அவுகளை நெனைச்சு நடுங்க, அவுக எங்களை நெனைச்சு நடுங்கிக்கிட்டு வந்திருக்காக. அந்தம்மாவும் லெவல் ரெண்டுதான் டீச்சர்."

ஆங்கிலம் அப்படியொன்றும் கஷ்டமான பாஷை இல்லை, எதிரில் இருப்பவருக்கும் அது சரியாக வராது என்கிற உண்மையை முதல் நாளே யாராவது நமக்குச் சொல்லித் தொலைத்தால்.